எழுபது பவுண்டு வில்

முயல் ஒன்று வில் கடை வைத்திருந்தது. முயலுக்கு எதற்கு இந்த வியாபாரம் என்று யாரும் கேட்டதில்லை.

ஒருநாள் நரி வந்தது. "வேட்டைக்கும் ஆகணும், போட்டியில பலகையைப் பார்த்து அடிக்கவும் ஆகணும். நல்ல காம்பவுண்ட் வில்லா எடு."

முயல், இரு முனையிலும் குட்டிச் சக்கரம் வைத்த வில் ஒன்றை நீட்டியது. "நாற்காலியில உட்கார்ந்து, ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு இழுங்க சார். கை நடுங்காம வந்தா அதுதான் உங்க அளவு."

நரி இழுத்தது. நாண் சுலபமாகத் தாடைவரை வந்தது.

"பிரமாதம்! இது நாற்பது பவுண்டு இழுவை. உங்களுக்கு இதுதான் பொருத்தம்."

நரியின் முகம் சுருங்கிவிட்டது. "நாற்பதா? எதிர்வீட்டு ஓநாய் அறுபது வச்சிருக்கான். என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"எழுபது இருக்கு. ஆனா அதை உங்களால இழுக்க முடியாது சார்."

"அதைக் கட்டுடா!"

மறுநாள் காலை முயல் தன் மனைவியோடு புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்தது. முப்பதடி தள்ளி நரி புது வில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. நாண் அசையவே இல்லை. நரிதான் முன்னும் பின்னும் ஆடியது.

மனைவிக்குக் கோபம் அடங்கவில்லை. "நாற்பதுதான் பொருத்தம்னு ஏன் சொல்லித் தொலைச்சீங்க? அதையே வாங்கியிருந்தா நம்ம கதி என்ன?"

"உண்மையைச் சொன்னாத்தானே எழுபது வாங்குவான்?" முயல் இன்னொரு வாய் புல்லைக் கடித்தது. "ஓநாய்கிட்டயும் உண்மையைத்தான் சொன்னேன்."