கண் திறக்கும் வேலை

மதியம் பன்னிரண்டு இருபதுக்கு காக்ஸ் டவுனில் இருந்த போட்டோ ஸ்டூடியோவுக்குள் சாலமன் வந்தான். விடியற்காலையில் இறந்துபோன அம்மாவை டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்திருந்தான். அவளுக்கு வேறு படமே இல்லை. நாலு மணிக்கு அடக்கம்.

“பெட்டி பக்கத்துல வைக்கணும், சிஸ்டர். கண்ணு மட்டும் தொறந்து குடுங்க. எனக்கும் அம்மா கண்ணுதான், பாத்துக்குங்க.”

ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தும் மோனிகா பலருக்கு இதைச் செய்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் இமைகளை அழித்து, சாலமனைப் பார்த்துக் கண்களை வரைந்தாள். எஃப் கீயை அழுத்தினாள். படம் திரை முழுக்க விரிந்தது. கண்கள் மூடியிருந்தன. மறுபடி அழுத்தினாள். படம் சுருங்கியது. கண்கள் திறந்திருந்தன.

“ஃபுல் ஸ்கிரீன் மக்கர் பண்ணுது.”

இன்னொரு முறை விரித்துச் சுருக்கினாள். அப்படியேதான். வரைந்ததை நீக்கிவிட்டு முதலிலிருந்து வரையலாம் என்று கண்ட்ரோல் இசட் அடித்தாள். மூடிய இமைகள் திரும்பி வந்தன.

சாலமனின் செல்போன் அடித்தது. வீட்டிலிருந்து தங்கை. கேட்டுவிட்டு மோனிகாவிடம் திரும்பினான்.

“அம்மா மூணு வாட்டி கண்ணைத் தொறந்து மூடினாங்களாம்.”

மோனிகா கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சாலமன் அந்தக் கையையே பார்த்தான்.

“சிஸ்டர், நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் தொறந்தே வைக்க முடியுமா?”