எண்பது சதவீதம்

"உங்க ஜெனரேட்டர் சத்தத்துல ஏரியில இருந்த பறவையெல்லாம் ஓடிப்போச்சு. உங்களுக்கு மனசாட்சியே கிடையாதா?"

டீச்சர் கேட்டபோது டிரைவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

ஊரை விட்டு வெகுதூரம் தள்ளி அந்த ஏரிக்கரை. கரண்ட் கம்பம் கிடையாது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்து வந்த கேரவன்கள் இரண்டே இரண்டு நின்றன. ஒன்று டீச்சருடையது. மற்றது ரிட்டையரான லாரி டிரைவருடையது. டீச்சரும் ரிட்டையர்தான், ஆனால் கண்டிக்கிற பழக்கம் மட்டும் இன்னும் சர்வீசில் இருந்தது.

"உங்க வண்டி நடு வெயில்ல நிக்குது. கூரை முழுக்க சோலார் பேனல். அப்புறம் எதுக்கு ஜெனரேட்டர்?"

"ரெண்டு மணி நேரம்தானே டீச்சரம்மா..."

"அதுவும் நான் நடக்கக் கிளம்பினா போதும், இங்க ஆரம்பிச்சிடுது! என்னைப் பாருங்க, எனக்கும் சோலார்தான். பத்து நாளா சாயங்காலம் பேட்டரி மீட்டர் எண்பதுக்குக் கீழ இறங்கினதே இல்ல. சிக்கனம்னா என்னன்னு கத்துக்கங்க."

டிரைவர் தலையை மட்டும் ஆட்டினார். லேசாகச் சிரித்த மாதிரியும் இருந்தது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணவர் போய் எட்டு மாதம். ஆசைப்பட்டு இந்தக் கேரவனை வாங்கியவர் அவர். ஒரு பயணம்கூடப் போகாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். டீச்சர் பிடிவாதமாகத் தனியாகக் கிளம்பியபோது மகன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான்.

"பேட்டரி ஒரு நாள் ஐம்பதுக்குக் கீழ போனாலும் நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். இருட்டுல, ஃபிரிட்ஜ் இல்லாம, போன் செத்துப் போய் நீ தனியா கிடக்கறதை என்னால நினைச்சுக்கூடப் பாக்க முடியாது."

தினமும் ஆறு மணிக்கு அவன் கூப்பிடுவான். சிக்னலுக்காக டீச்சர் வாசல் படியில் நின்று பேசுவார்.

"எவ்வளவும்மா?"

"எண்பதுடா! நானே பாத்துக்கறேன், பாத்தியா?"

இரண்டு நிமிடம். போனை வைத்தால் மறுநாள் ஆறு மணி வரை பேச்சுத்துணை கிடையாது. பேட்டரியைத் தின்றுவிடுமே என்று ரேடியோகூடப் போடுவதில்லை. ஒற்றை பல்பின் கீழே, எதிர் நாற்காலியைப் பார்த்தபடி சாப்பிட்டு முடிப்பார். ஆனாலும் வீட்டுக்குத் திரும்புவதாக இல்லை. அங்கே போனால் மகன் வீட்டின் பின்னறை. அதிலிருந்து வெளியே வர முடியாது என்று அவருக்குத் தெரியும்.

மறுநாளும் ஜெனரேட்டர் ஓடியது. டீச்சர் நேராக ஏரிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வனக் காவலரிடம் போய்ப் புகார் கொடுத்துவிட்டார்.

காவலர் வந்து டிரைவரிடம் ஏதோ பேசினார். அன்று மதியமே டிரைவர் மூட்டை கட்டினார். போகிற போக்கில் நின்று சொன்னார்.

"டீச்சரம்மா, வண்டியை இந்த மரத்தடியில இருந்து கொஞ்சம் வெயிலுக்குத் தள்ளி நிறுத்துங்க."

"வெயில்ல நிறுத்தி உள்ளே வெந்து சாகவா? எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்."

டிரைவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அப்பாடா என்றிருந்தது டீச்சருக்கு.

அடுத்த நாள் சாயங்காலம் மீட்டர் அறுபத்தெட்டு காட்டியது. அதற்கடுத்த நாள் ஐம்பத்தைந்து. அன்று இரவு ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பத்தாறு.

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நாளைக்குக் காலையில வரேன்மா. பெட்டியைக் கட்டி வை," என்றான் மகன்.

காலையில் காவலர் ரோந்து வந்தபோது டீச்சர் அழுது சிவந்த கண்ணோடு துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, கிளம்பிட்டீங்களா?"

"மூணு நாளா வெயில் கொளுத்துது. ஆனா பேட்டரி ஏறவே மாட்டேங்குது. அந்த டிரைவர் போறப்போ என் வண்டியில என்னமோ கைவரிசையைக் காட்டிட்டுத்தான் போயிருக்கான். சந்தேகமே இல்ல."

காவலர் கேரவனின் கூரையை அண்ணாந்து பார்த்தார். மரக்கிளைகள் கூரையை முழுசாக மூடியிருந்தன. சோலார் பேனலின் மேல் ஒரு பொட்டு வெயில் இல்லை.

"இவ்வளவு நிழல்ல எப்படிம்மா ஏறும்?"

"அப்ப அந்தப் பத்து நாள் மட்டும் எப்படி ஏறுச்சு?"

காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சொல்ல வேண்டாம்னுதான் சொல்லிட்டுப் போனார். அவருக்கு அந்த ஜெனரேட்டர் தேவையே இல்லம்மா. நீங்க நடக்கப் போனதும் உங்க வண்டிக்குப் பின்னால இருக்கே, வெளியில இருந்து கரண்ட் குடுக்கற சாக்கெட், அதுலதான் ஒயரைக் கொண்டு வந்து சொருகுவாராம்."

டீச்சர் கையிலிருந்த துணி நழுவியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதைத்தாம்மா கேட்டேன். 'எனக்குப் போன் பண்ண யாரும் இல்லய்யா. ஆறு மணிக்கு அந்தம்மா அவங்க பையன்கிட்ட எண்பதுன்னு சந்தோஷமா சொல்றது என் காதுலயும் விழும். ஒரு நாள்ல நான் கேக்கற நல்ல சேதி அது ஒண்ணுதான்'னு சொன்னார்."