இரண்டாம் பாட்டின் ஹாரன்

கோரிப்பாளையம் முக்கில் கொட்டாம்பட்டி பஸ் நிற்கிறது. காலை வெயில் அதன் முன்கண்ணாடியில் தகதகக்க, அனந்தராமன் தோளில் டேப் ரிக்கார்டரோடு, கைக்குட்டை சுற்றிய மைக்கை நீட்டிப் பிடித்திருக்கிறான். அவனுடைய ராக் குழு சாலையோர மாடியறையில் பதிவுசெய்த முதல் கேசட்டில், இரண்டாம் பாட்டுக்குள் ஒரு பஸ் ஹாரன் தானாக நுழைந்திருந்தது. இப்போது இன்னும் மூன்று பாட்டுகளைச் சேர்த்து, எல்லாவற்றையும் ஸ்டூடியோவில் புதிதாக வாசித்தாயிற்று. சுத்தமாக வந்திருக்கிறது, ஆனால் கேட்டவர்களெல்லாம் ஹாரன் எங்கே என்கிறார்கள். "எம்புட்டு நேரம் அமுக்கணும் தம்பி?" என்கிறார் டிரைவர் வெள்ளைத்துரை. "எப்பவும் போல அடிங்கண்ணே." பஸ்ஸே மூச்சடக்கிக் காத்திருக்கிறது. ஹாரன் அலறுகிறது. ஜன்னலோரம் தாய் மடியில் தூங்கிய குழந்தை வீறிட்டு அழுகிறது. "கெட்டுப்போச்சே. இன்னொருக்கா அடிக்கவா?" "வேணாம்ணே," என்கிற அனந்தராமனின் கை, மைக்கை மெல்ல அந்த ஜன்னல் பக்கம் திருப்புகிறது.