முப்பத்திரண்டு கூறு

"அண்ணாதுரையண்ணே, மீதி மீன் எங்க?"

முதலில் கேட்டவன் நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில், காப்பி உலர்த்தும் களத்தில் நின்றிருந்தோம். அன்று எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளுக்கு மீன் நோம்பி; பண்டிகை மாதிரி.

எங்கள் பாட்டன்மார் கடலூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து மலைக்கு வேலைக்கு வந்தவர்கள். வலையும் படகும் அவர்களோடு போயின. காப்பிப் பழம் பறிப்பு முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு நாள் கடல்மீன் வாங்கி, கூறு போட்டு, எல்லா வீட்டிலும் ஒரே சாயங்காலம் குழம்பு வைப்பது மட்டும் மிஞ்சியிருந்தது. காப்பித் தோட்டம் முழுக்க மீன் மணக்கும். மேல் பங்களாவில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

வீட்டுக்கு ஐந்து ரூபாய் வரி. பணத்தோடு ஓர் அடையாளமும் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டுக்குப் புளியங்கொட்டை, மூக்கன் வீட்டுக்கு வளையல் துண்டு, எங்கள் வீட்டுக்குச் சட்டைப் பொத்தான். கூறுகளை வரிசையாக வைத்ததும், வருஷா வருஷம் வரி வாங்கி மீன் எடுத்துவரும் அண்ணாதுரை கண்ணை மூடிக்கொண்டு பையிலிருந்து அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகளின் மேல் போட்டுக்கொண்டே போவார். எந்தக் கூறின் மேல் யாருடைய அடையாளமோ, அந்தக் கூறு அந்த வீட்டுக்கு.

வரியைப் பெண்கள் கையால்தான் வாங்குவார்.

"உங்க கையில இருந்தா அது ஒண்டிக்கடைச் சாராயக்கடையைத் தாண்டி வராதுங்கப்பா" என்பார் எங்களிடம்.

அன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் சேலம் போய், ஐஸும் மரத்தூளும் போட்ட கூடையோடு மத்தியானம் வந்து சேர்ந்தார். பஸ் கூரையிலிருந்து மீன் தண்ணீர் யாரோ ஒருவர் வேட்டியில் சொட்டியதையும், கண்டக்டர் திட்டியதையும் சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

கூறு போட்டு முடித்தபோது சிரிப்பு நின்றது. எப்போதும் கூறுக்கு ஆறு துண்டு இருக்கும். அன்று நாலுதான்.

மூக்கன் விரலை நீட்டி எண்ணினான். "முப்பத்திரண்டு ஊடு, முப்பத்திரண்டு அடையாளம். ஒண்ணும் கொறையலை. நூத்தியறுவது ரூவாய்க்கு இத்தனைதானா மீனு?"

"வெலை ஏறிப்போச்சுங்களாண்ணே?" என்றேன்.

"இல்லப்பா. போன வருஷ வெலைதான்."

அதிலாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை அவருக்கு.

"அப்பறம் மீதி எங்க போச்சு?" என்றான் மூக்கன். "குப்பனூர் வழியா வந்தீங்களோ? உங்க பொண்ணு ஊடு அங்கதானுங்களே?"

களமே சிரித்தது. அண்ணாதுரை சிரிக்கவில்லை.

"இருக்கறதைச் சரிசமமா வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க."

நான் விடவில்லை. மழை ஏமாற்றிய வருஷம் அது. வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்கள். எரிச்சலை எங்கே கொட்டுவது என்று காத்திருந்தவன்போலக் கத்தினேன்.

"இல்லாத கொறையிலயும் அஞ்சு ரூவா எடுத்துக் குடுத்திருக்கறமுங்க. கணக்குச் சொல்லுங்க. யாராச்சும் குடுக்கலையா? பேரைச் சொல்லுங்க, இங்கயே நிறுத்திக் கேக்கறேன்."

அண்ணாதுரை வாயைத் திறந்தார். கூட்டத்துக்குப் பின்னால் சட்டியோடு நின்ற பெண்களை ஒரு தடவை பார்த்தார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்காக வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தேன்.

"எல்லாரும்தான் குடுத்தாங்க" என்றார்.

"அப்பத் திருடுனது நீங்கதான்."

அதையும் சொன்னவன் நான்தான்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அடுத்த வருஷம் வேற ஆளைப் பாத்துக்குங்க சாமி." அவ்வளவுதான். நடந்துவிட்டார். அவருடைய அடையாளமான உடைந்த சாவி, ஒரு கூறின் மேல் அப்படியே கிடந்தது.

"எடுக்கமாட்டாரு. அவரூட்டுல ஏற்கெனவே கொதிச்சிட்டிருக்கும்" என்றான் மூக்கன்.

அதற்கப்புறம் யாரும் அந்தக் கூடையைத் தூக்கவில்லை. எங்கள் லைனில் அதுதான் கடைசி மீன் நோம்பி.

என் மனைவி சென்னம்மாள் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்று சாயங்காலம் அவள் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அடுப்புப் பற்றவைக்கவில்லை. மீன் சட்டி முன்னால் இருந்தது.

"ஏன், கொழம்பு வெக்கலையா? எல்லா ஊட்டுலயும் மணக்குது."

"ஏனுங்க, அந்த மனுசனை அப்படிப் பேசியிருக்க வேண்டாமுங்க."

"அஞ்சு ரூவா குடுத்தவன் கேக்கமாட்டானா?"

"குடுத்துருன்னு சொல்லிட்டு வேலைக்குப் போயிட்டீங்க. எதுல இருந்து குடுக்கறதுன்னு சொல்லலீங்களே."

சட்டியைப் பார்த்தேன். மீன் துண்டுகளின் மேல் எங்கள் பொத்தான் கிடந்தது.

"நம்மளைச் சேத்து ஒம்பது ஊட்டுல காசில்லீங்க. மூக்கண்ணன் ஊட்டுலயும்தான். களத்துல நான் சொல்ல வாயெடுத்தேன். அண்ணாதுரையண்ணன்தான் வேண்டாம்னு கண்ணைக் காட்டுனாருங்க."

"என்னடி சொல்றே?"

"வரிக்கு வந்தப்பக் கையை விரிச்சுக்கிட்டு நின்னேன். 'அதுக்கேன் அம்மிணி அழுவறே? பையில அடையாளம் இல்லாட்டித்தானே ஊருக்குத் தெரியும்? பொத்தானை மட்டும் குடு'ன்னு வாங்கிட்டுப் போனாருங்க."