மூடியில் வெட்டிய பெயர்

பெண்கள் மட்டுமே இருக்கும் அந்த இணையக் குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அங்கே அவள் ஊமத்தம்பூ. கணவன் அடித்ததையெல்லாம் இரண்டு வருடங்களாக அங்கேதான் எழுதிவந்தாள். முகத்தையோ தெருவையோ காட்டியதே இல்லை. இன்று காலை மட்டும், கை வீக்கம் வடிந்து மறுபடி சமைத்த சந்தோஷத்தில், எலுமிச்சை சோறு நிரப்பிய எவர்சில்வர் டப்பாவைப் படம் பிடித்துப் போட்டாள். மதியம் முகம் தெரியாத ஒருத்தி தனியாகச் செய்தி அனுப்பினாள்: "அக்கா, டப்பா மூடியில பேர் வெட்டியிருக்கு. உடனே படத்தை எடுத்துடுங்க."

எடுத்துவிட்டாள். அதற்குள் நானூறு பேர் பார்த்திருந்தார்கள். மூடி விளிம்பில் 'சு. தில்லைநாயகி, 9.9.2012' என்றிருந்தது. கல்யாணத்துக்குக் கணவனின் அக்கா தன் பெயர் வெட்டிக் கொடுத்த டப்பா. தினமும் கழுவுகிற கைக்கு அந்த எழுத்து மறந்தே போயிருந்தது. கம்பிநாரை எடுத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கப் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

கைப்பேசி அடித்தது. திரையிலும் அதே பெயர்.

"எலுமிச்சை சோறு நல்லா வந்துச்சா?"

அவள் கம்பிநாரைக் கீழே வைத்தாள்.

"தம்பி வீட்டுல இருக்கானா?"

"இல்ல அண்ணி, வேலைக்குப் போயிருக்காங்க."

"சரி, கதவைத் திற. வாசல்லதான் நிக்கிறேன்." கைப்பேசியைக் காதில் வைத்தபடியே அவள் கதவருகே போனாள். "தனியாத்தான் வந்திருக்கேன்."

தனியாக வந்தீர்களா என்று அவள் கேட்கவே இல்லை.