கழிப்பறைக்கு ஒதுக்கிய இடம்

"இது என்னம்மா கோயில்? மேப்ல இந்த இடம் காலின்னு இல்ல இருக்கு?"

இன்ஜினியர் நாகேஷ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். கன்னடக்காரர். லிங்கராஜபுரம் பக்கம் பத்து வருட சர்வீஸில் தமிழ் சரளமாகவே வந்துவிட்டது.

ரயில்வே லைனை ஒட்டிய அந்தக் குடிசைக் காலனியில் நூற்றிருபது வீடு. ஒரு கழிப்பறை கிடையாது. மகளிர் சங்கத் தலைவி என்ற முறையில் சரளா ஏழு வருஷம் நடையாய் நடந்தாள். கன்னடத்தில் மனு, அதற்கு ஜெராக்ஸ், "சாஹேப்ரு மீட்டிங்ல இருக்காரு", "திங்கக்கிழமை வா". எத்தனை திங்கட்கிழமை! ஒருவழியாகப் பத்து சீட்டுக் கழிப்பறைக்கு சாங்ஷன் ஆகிவிட்டது. காலனி மூலையில் இருக்கும் ஒரே காலி இடத்தை அளக்கத்தான் இன்ஜினியர் வந்திருந்தார்.

வந்தால், அங்கே மஞ்சள் பூசிய ஒரு கல். கல்லுக்குச் சிவப்புப் புடவை, மேலே தகரக் கூரை, முன்னால் மணி, உண்டியல்.

"சின்னக் கோயில்தான் சார். ஒரு ஓரமாத் தள்ளி வச்சிடலாம்," என்றாள் சரளா.

"தள்ளி வைக்கிறதா?" பக்கத்து வீட்டு லட்சுமம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என்னடி பேசுற? அவ தானா மண்ணைப் பொளந்துக்கிட்டு வந்தவ. சுயம்பு! எங்க வீட்டுக்காரரு குடியை விட்டது யாரால? இந்தத் தாயாலதான்."

"நான் ஆத்தாளைக் குறை சொல்லலக்கா. நீயும்தானே விடியறதுக்குள்ள சொம்பைத் தூக்கிக்கிட்டு லைனுக்கு ஓடுற? காந்தாவுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

காந்தாவை யார் மறப்பார்கள்? போன மார்கழிப் பனியில், லைன் ஓரம் ஒதுங்கியவளுக்கு கூட்ஸ் வண்டி வந்தது தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

"மறக்கல. அதுக்காகப் பெத்த தாயைத் தூக்கித் தூரப் போடச் சொல்றியா?" என்றாள் லட்சுமம்மா. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

சரளாவின் மகள் தர்ஷினிக்குப் பதினான்கு வயது. பகலில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து இருந்து, நீர்க்கடுப்பில் துடித்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். "எப்பம்மா கட்டுவாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்த பெண், இப்போது கேட்பதையும் விட்டுவிட்டாள். அதை நினைத்தால்தான் சரளாவுக்கு நெஞ்சு எரிந்தது.

நாகேஷ் கெட்டவர் இல்லை. சரளாவை ஜீப் பக்கம் தனியாகக் கூப்பிட்டார்.

"நோடிம்மா, இங்க பாருங்க, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள வேலை ஆரம்பிக்கலேன்னா ஃபண்ட் போயிடும். இன்னும் ஆறே நாள். வேற இடம் இருக்கா?"

"ஏது சார் இடம்? நாங்களே கால் நீட்டப் பக்கத்து வீட்டைக் கேக்கணும்."

"அப்ப ஆகாது. சாமி இருக்கற இடத்துல கக்கூஸ் கட்டினா நாளைக்கே கலாட்டா. நாளன்னிக்கு எனக்கு ட்ரான்ஸ்ஃபர்."

"ஜனங்க ஒத்துக்கிட்டா சார்?"

"ஒத்துக்க வைங்க. உடனே குழி தோண்டச் சொல்றேன்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கொடுக்க வந்துவிட்டார். சாமிதான் நகர மாட்டேன் என்கிறது.

சரளா கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். "எல்லாரும் நான் சொல்றதைக் கேளுங்க. இந்தக் கல்லு வந்து..."

"கல்லா?" லட்சுமம்மாவின் புருஷன் நாணு வேட்டியை மடித்துக் கட்டினான். "இன்னொரு தடவ கல்லுன்னு சொல்லு பார்க்கலாம்!"

போன ஆடியில், செருப்புக் காலோடு கோயிலுக்குள் வந்த பால்காரனை ரத்தம் வர அடித்த கூட்டம் அது. அவர்களுக்கு நடுவில் தர்ஷினி மிரண்டுபோய் நின்றிருந்தாள். சரளா சொல்ல வந்ததை விட்டுவிட்டு மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

நாகேஷ் பெருமூச்சு விட்டார். ஜீப்பின் மேல் காகிதத்தை வைத்து மகஜர் எழுதினார். நேரில் பார்த்ததை எழுதி, அங்கே இருப்பவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிற காகிதம் அது. கன்னடத்தில் எழுதியதைத் தமிழில் படித்துக் காட்டினார்.

"இந்த இடத்துல அம்மன் தானா தோன்றியிருக்கு. யாரும் வச்சது இல்ல. அதனால இங்க கழிப்பறை வேண்டாம்னு ஜனங்க சொல்றாங்க. சரியா?"

"சரி சார்!" என்றது கூட்டம். யாரோ மணியடித்தார்கள்.

நாணு கையெழுத்துப் போட்டான். லட்சுமம்மா கைநாட்டு வைத்தாள்.

"சங்கத் தலைவி கையெழுத்தும் வேணும்மா."

"நான் போடலேன்னா சார்?"

"போடலேன்னாலும் ஃபண்ட் வேற காலனிக்குத்தான் போகும். நீங்கதான் இவங்களோட இங்கயே இருக்கணும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

லட்சுமம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாணுவும் பார்த்தான். சரளா பேனாவை வாங்கினாள்.

மூன்று வருடங்களுக்கு முன் லாரிக்காரன் ஒருத்தன் அந்த இடத்தை வளைத்துப்போடப் பார்த்தபோது, கழிப்பறைக்காக அதைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், தன் வீட்டு உடைந்த குழவிக்கல்லுக்கு மஞ்சள் பூசி, ஆளில்லாத நேரத்தில் அங்கே நட்டு வைத்தவள், 'யாரும் வச்சது இல்ல' என்பதற்குக் கீழே தன் பெயரை எழுதினாள்.