இருபது போர்வைகள்

கை முறிந்து இரண்டு மாதம் மகள் வீட்டில் இருந்த பாப்பாத்தி, ஐப்பசிக் கடைசியில் மண்டி மொஹல்லாவிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். போர்வை தைக்க அவள் சேர்த்திருந்த ஒட்டுத்துணி மூட்டைகளில் ஒன்றுகூட வீட்டில் இல்லை.

“ஏனுங்க, காலு வெக்க எடமில்லைன்னு எல்லாத்தையும் வீசிப்போட்டீங்களா? குளிருக்கு முன்னால முதியோர் இல்லத்துக்கு இருபது போர்வை தர்றேன்னு சொல்லியிருக்கனே!”

“ஊட்டுக்கு ஒரு மூட்டையா தெருவுல குடுத்துப்போட்டேன்” என்றார் கணவர் மாதப்பன்.

அவளுக்கு அழுகை முட்டியது. அப்போது பக்கத்து வீட்டு ஸ்வாதி ஒரு போர்வையோடு வந்தாள்.

“வந்துட்டீங்களா அக்கா! இது பத்தொன்பதாவது. எங்க தையல் கொஞ்சம் கோணல்தான். மாதப்பன் அண்ணாதான் இன்னும் அவர் பங்கை முடிக்கலை.”

பாப்பாத்தி கணவரின் கையைப் பிடித்துப் பார்த்தாள். விரலெல்லாம் ஊசி குத்திய காயம்.

“மிச்சத்தை நான் தெச்சுக்கறனுங்க” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.